‘குவாரண்டைன் முடிந்த மீன்’ என்று கூடுதல் விலை கேட்கிறார்களா? முதலில் பைத் தண்ணீரைச் சோதியுங்கள்

சென்னையில் கடல் மீன் விற்கும் ஒரு கடையில், பவுடர் ப்ளூ டேங் என்ற நீல நிற மீன் ஒன்றை ‘குவாரண்டைன் முடிஞ்சது, பெல்லட் (உலர்ந்த குருணைத் தீவனம்) சாப்பிடுது’ என்று சொல்லி வழக்கமான விலைக்கு மேல் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். உடம்பில் ஒரு புள்ளி இல்லை, நிறமும் பளிச். தொட்டிக்கு வந்த நாளிலிருந்தே இரை எடுக்கவில்லை. வாரம் ஒன்று போனதும் துடுப்பிலும் உடம்பிலும் ரவை தூவியதுபோல் ஒயிட் ஸ்பாட் நோயின் வெண்புள்ளிகள். கேட்டதற்கு, “எங்ககிட்ட இருந்தவரைக்கும் நல்லாத்தான சார் இருந்துச்சு, உங்க டேங்க்லதான் ஏதோ பிரச்சினை” என்றார்கள். கூடவே, பவளத்துக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லி ஒரு மருந்து பாட்டிலையும் தலையில் கட்டினார்கள்.

மீன் வந்த பைத் தண்ணீரைக் கொட்டாமல் எடுத்து வைத்திருந்ததால் குட்டு வெளிப்பட்டது. உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 1.017 காட்டியது (கடல் மீன் தொட்டியில் வழக்கமாக 1.025 அளவில் இருக்கும்). ஒட்டுண்ணியைக் கொல்லக் கலக்கும் காப்பர் (செம்பு மருந்து) 1 பிபிஎம்முக்கும் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே. இந்த இரண்டு எண்களிலேயே கடைக்காரரின் ‘குவாரண்டைன்’ என்ன என்பது தெரிந்துவிடுகிறது.

ஒயிட் ஸ்பாட்டை உண்டாக்கும் கிரிப்டோகேரியான் ஒட்டுண்ணியை உப்பைக் குறைத்து ஒழிக்க வேண்டுமென்றால் 1.009 வரை இறக்கி, அங்கேயே குறைந்தது 30 நாள் நிறுத்த வேண்டும். காப்பரால் ஒழிப்பதென்றால், கீலேட்டட் வகை (வேறொரு சேர்மத்தோடு பிணைத்த காப்பர்) 2.0 முதல் 2.5 பிபிஎம் வரை, இடையில் ஒரு நாள்கூட இறங்காமல் 30 நாள். 1.017-ம் அரைகுறை காப்பரும் நோயைத் தீர்க்காது, மறைக்கும். தோலில் இருப்பவை குறையும், செவுளுக்குள் மிச்சம் இருக்கும். காப்பர் இல்லாத தண்ணீருக்கு மீன் வந்ததும் அது பெருகும். இதில் பவுடர் ப்ளூ மாதிரி ஒயிட் ஸ்பாட்டுக்குப் பெயர்போன மீன் என்றால் கேட்கவே வேண்டாம்.

இரை எடுக்காததற்கும் காரணம் அதே பைதான். 1.017-ல் இருந்த மீனை அரை மணி நேரத்தில் 1.025-க்கு மாற்றினால் உடம்பிலிருந்து நீர் வெளியேறி, அது ஒரு மூலையில் ஒடுங்கிவிடும். உப்பைக் குறைப்பதை மீன் தாங்கும், வேகமாக ஏற்றுவதைத் தாங்காது. நாளுக்கு 0.001, மிஞ்சினால் 0.002 என்றுதான் ஏற்ற வேண்டும். அதற்காகப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுவதும் ஆபத்து. பை திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஹெச் ஏறும், உள்ளே சேர்ந்திருக்கும் அமோனியா விஷமாக மாறும். கடைத் தண்ணீரின் உப்பளவை முன்னாலேயே கேட்டு, குவாரண்டைன் தொட்டியை அதே அளவில் தயார் செய்து வையுங்கள். வெப்பநிலை சமமானதும் மீனை மட்டும் எடுத்து விட்டுவிடலாம்.

அந்த பாட்டில் விஷயத்துக்கு வருவோம். ஒட்டுண்ணி மீன்மேல் இருப்பது 3 முதல் 7 நாள்தான். பிறகு தானாகவே உதிர்ந்து, மணலிலும் பாறையிலும் கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பிரிந்து, சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் வெளியே வரும். நீங்கள் மருந்து ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் புள்ளிகள் மறையும். பூண்டுச் சாறு ஊற்றி ‘குணமானது’ என்பதும் இந்தக் கணக்கில்தான். அடுத்த சுற்று முன்னைவிடப் பலமடங்காக வரும்போது, உயிரோடு வந்து சேரும் என்று கடை கொடுத்த ஒரு நாள் உத்தரவாதம் எப்போதோ முடிந்திருக்கும். அசல் காப்பரைப் பவளத் தொட்டியில் ஊற்றவே கூடாது. இறால், நத்தை, பவளம் எல்லாம் சாகும். லைவ் ராக் (தொட்டியில் வைக்கும் நுண்ணுயிர் நிறைந்த பாறை) காப்பரை உறிஞ்சுவதால் அளவும் நிற்காது.

வைத்தியம் தனித் தொட்டியில்தான். மணல், பாறை வேண்டாம். ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள், ஏற்கெனவே பாக்டீரியா பிடித்த ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர், ஏர் ஸ்டோன் போதும். கார்பன் போட்டால் காப்பரை இழுத்துவிடும். அமோனியாவைக் கட்டும் திரவங்களைக் காப்பரோடு சேர்க்காதீர்கள், அமோனியா ஏறினால் தண்ணீர் மாற்றுங்கள். மாற்றும் தண்ணீரிலும் அதே அளவு காப்பர் கலந்திருக்க வேண்டும். ஒரேயடியாக ஊற்றாமல் இரண்டு மூன்று நாளில் 2.0-க்குக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் இருக்கிற பசியும் போய்விடும். அளக்க ஹன்னா ஹை ரேஞ்ச் காப்பர் செக்கர் நம்பகமானது. நிறம் ஒப்பிடும் கிட்டில் 1.5-க்கும் 2-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

புள்ளிக்குப் பதிலாகப் பொடி பூசியதுபோல் தெரிந்து, மூச்சு வேகமாகி, பவர்ஹெட் (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்) ஓட்டத்துக்கு நேரே மீன் நின்றால் அது வெல்வெட் என்ற வேறொரு ஒட்டுண்ணி நோய். இரண்டு நாளிலேயே கொல்லக்கூடும், உப்பைக் குறைத்தாலும் போகாது, உடனே காப்பர் வேண்டும். க்ளௌன் மீனில் தோல் வழுவழுவென்று வெள்ளையாக உரிந்தால் புரூக்லினெல்லா என்ற இன்னொரு ஒட்டுண்ணி, அதற்குக் காப்பர் பயன்படாது.

‘பெல்லட் சாப்பிடுது’ என்பதையும் வாய்வார்த்தையில் நம்பாதீர்கள். “இப்பதான் போட்டோம்” என்பார்கள். மறுநாள் வந்து, கண்முன்னே போடச் சொல்லுங்கள். வாயில் வாங்கித் துப்புவது சாப்பிடுவது ஆகாது. வயிறு உள்வாங்கியோ, கண்ணுக்கு மேலே முதுகுப்பக்கம் சதை வற்றியோ இருந்தால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். பல கடைகளில் உயிருள்ள ஆர்ட்டீமியா (சிறு உப்புநீர் இறால்) மட்டும் கொடுத்துப் பழக்கியிருப்பார்கள். அப்படியென்றால் அதிலேயே தொடங்கி, உறைந்த ஆர்ட்டீமியா, அதோடு மைசிஸ் (இறால் போன்ற சிறு உயிரி), கடைசியில் ஊறவைத்த பெல்லட் என்று மாற்றுங்கள். டேங் வகைக்கு நோரித் தாளை (காய்ந்த கடற்பாசி) கிளிப்பில் மாட்டி நாள் முழுக்க விடலாம். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்து, வெள்ளை நூலாகக் கழிந்தால் குடல் ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த முறை பில்லிலேயே உப்பளவு, காப்பர் அளவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நாங்கள் கேட்ட கடையில் “அதெல்லாம் எழுதறதில்ல சார்” என்றுதான் பதில் வந்தது. நோய் ஏற்கெனவே பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டதா? எல்லா மீன்களையும் வெளியே எடுத்து, ஒட்டிக்கொள்ள மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி அழியும்வரை அந்தத் தொட்டியை 76 நாள் மீனில்லாமல் விடுங்கள். இறாலும் பவளமும் அங்கேயே இருக்கலாம்.