துருப்பிடிக்க விட்டுக் கறுப்பாக்கிய குழல்: மூன்று வருடம் கழித்து

பழைய ஃபாக்ஸ் ஸ்டெர்லிங்வொர்த் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி, ஃபிலடெல்ஃபியாவில் செய்தது. வாங்கும்போது குழல் மழையில் கிடந்த மண்வெட்டி நிறத்தில் இருந்தது. முதலில் சோம்பேறித்தனமாக, தடவின உடனே கறுக்கும் திரவம் ஒன்றைப் பூசிப் பார்த்தேன். ஒரு வேட்டைப் பருவம்கூடத் தாங்கவில்லை. காஸ்டிக் உப்பில் கொதிக்க வைக்கும் முறையும் இதற்கு ஆகாது, இரண்டு குழலையும் அவற்றுக்கு நடுவே ஓடும் நடுப்பட்டையையும் பிடித்திருப்பது ஈயப்பற்று, அந்தக் காரம் அதைத் தின்றுவிடும். ஆக மிஞ்சியது துரு வழிதான்.

வேலை எளிது, பொறுமைதான் வேண்டும். 320 உப்புத்தாள் வரை தேய்த்து, அசிட்டோனால் பிசுக்கு போகத் துடைத்து, உட்புறம் நனையாமல் இரண்டு முனையையும் மரக்கட்டையால் அடைத்து, துருவேற்றும் அமிலக் கரைசலை மெல்லிசாக ஒரே இழுப்பில் பூசி, ஈரக்காற்றில் விட வேண்டும். சில மணி நேரத்தில் செம்பொடி பூக்கும். காய்ச்சி வடித்த நீரில் 20 நிமிடம் கொதிக்க விட்டால் அந்தச் செந்துரு கருந்துருவாக மாறிவிடும், மேலே வெல்வெட் மாதிரி ஒட்டியிருப்பதை ஸ்டீல் உல்லால் லேசாகத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். முதல் சுற்றில் அழுக்குச் சாம்பல் நிறம்தான் வரும், பயப்படாதீர்கள். எனக்கு 8 சுற்று ஆனது.

நான் செய்தது டிசம்பரில். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு கிடக்க, துரு பிடிக்கவே மாட்டேன் என்றது. கடைசியில் குளியலறையில் வெந்நீர் ஷவரைத் திறந்துவிட்டுத் தொங்கவிட்டேன். அப்புறம் மூன்றாவது சுற்றில், கொதிக்கிற தண்ணீர் மேல் வானவில் மாதிரி எண்ணெய்ப்படலம்! நடுப்பட்டைக்கு அடியில் இத்தனை வருடமாக ஒளிந்திருந்த எண்ணெய். குழல் முழுக்கத் திட்டுத்திட்டாகி, எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். கரைசலைத் தொடுவதற்கு முன்பே வெறும் நீரில் இரண்டு தடவை கொதிக்க வைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை. ஸ்டீல் உல்லிலும் எண்ணெய் இருக்கும், அதையும் அசிட்டோனில் அலசுங்கள். முடிவில் ஆப்பசோடா கலந்த நீரில் அலசி எண்ணெய் பூசாவிட்டால் மிச்ச அமிலம் விடாமல் துருவேற்றும்.

இன்றைய நிலை? பளபளப்பு இல்லாத ஆழ்ந்த கறுப்பு, வெயிலில் சாய்த்தால் லேசான நீலம். மழையில் நனைந்த நாட்களில் துடைத்து எண்ணெய் போட்டேன், அவ்வளவுதான். மரப்பிடிக்கு முன்னால், இடது கை பிடிக்கும் இடத்தில் மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு வெளிறியிருக்கிறது. உறையில் உரசி உரசிக் குழல்வாய் விளிம்பும் கொஞ்சம் வெளுத்துவிட்டது. அடுத்து ட்ரிகர் கார்டு, அதாவது விசையைச் சுற்றியிருக்கும் வளையம், அதை ஜூலைப் புழுக்கத்தில்தான் செய்வேன்.