நார் மில்லுக்கு டேலி பிரைம்: கிலோ அடக்கம் சரியாக வருமா?

பொள்ளாச்சி, ஆனைமலை, கோபாலபுரம் பக்கம் பல தென்னை நார் மில்களில் டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருள் பில் போடவும் ஜிஎஸ்டி கணக்குக்கும் மட்டும்தான் ஓடுகிறது. உற்பத்திக் கணக்கையும் அதிலேயே வைக்கலாம். வசதி நன்றாகவே இருக்கிறது. ஆனால் கொடுக்கிற விவரத்தில் பிசகினால் அடக்க விலை மொத்தமும் பொய்யாகிவிடும்.

முதலில் ஸ்டாக் ஜர்னலின் (இருப்பு மாற்றப் பதிவு) கீழ் புதிய வவுச்சர் வகை ஒன்றைத் திறந்து, அதை மேனுஃபேக்சரிங் ஜர்னலாக, அதாவது உற்பத்திப் பதிவாக, பயன்படுத்த 'யெஸ்' கொடுங்கள். பிறகு நாருக்கு பில் ஆஃப் மெட்டீரியல்ஸ், அதாவது எதைப் போட்டால் எது கிடைக்கும் என்ற பட்டியல், போட வேண்டும். தேங்காய் மட்டை மூலப்பொருள், அதில் சந்தேகமில்லை. பித், அதாவது நார்த்தூள், எந்த வகை? கோ-புராடக்ட் (இணைப் பொருள்), பை-புராடக்ட் (துணைப் பொருள்), ஸ்கிராப் (கழிவு) என்று மூன்று வழி இருக்கிறது. பழைய பழக்கத்தில் ஸ்கிராப் என்று போட்டு, மதிப்பைப் பூஜ்யமாக விட்டுவிடுகிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு கணக்கு பாருங்கள். 10,000 மட்டை, ஒன்று ஒரு ரூபாய் வீதம் 10,000 ரூபாய். கரண்ட், கூலி, உலர்த்தும் செலவு 8,000. ஆக 18,000. கிடைத்தது காய்ந்த நார் 800 கிலோ, பித் 1,600 கிலோ. பித்துக்கு மதிப்பே இல்லையென்றால் நார் கிலோ 22.50 ரூபாய் அடக்கம். சந்தை விலை 20 என்றால் மில் நஷ்டத்தில் ஓடுவதாகத் தெரியும். ஆனால் பித்தும் கிலோ 5 ரூபாய்க்குப் போகிறது. விற்பனை மதிப்பு நாருக்கு 16,000, பித்துக்கு 8,000. இதே விகிதத்தில் செலவைப் பிரித்தால் நாருக்கு 12,000, பித்துக்கு 6,000. நார் 15 ரூபாய், பித் 3.75. அதே மில், அதே நாள்! பித்தைக் கட்டியாக்கி விற்கும் மில்லுக்கு கோ-புராடக்ட்தான் பொருத்தம்.

எடையைக் காய்ந்த பிறகு போடுங்கள். ஈர நாரை உற்பத்தியாக ஏற்றிவிட்டால், களத்தில் ஈரம் போகப் போக இருப்பு குறையும்; ஆண்டு முடிவில் எண்ணும்போது திருட்டுப் போனதுபோல் இடிக்கும். வழக்கமான ஈர இழப்பு கிலோ அடக்கத்திலேயே சேர வேண்டும். திடீர் மழையில் அழுகிய நார் அப்படியல்ல. அது அந்த ஆண்டின் செலவு, இருப்பு மதிப்பில் ஏறக்கூடாது.

உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் மாறாத நிலையான செலவில் டேலி உதவாது. வாடகை, மேற்பார்வைச் சம்பளம் மாதம் 90,000, வழக்கமான உற்பத்தி 30,000 கிலோ என்றால் கிலோவுக்கு 3 ரூபாய். மழை மாதத்தில் 18,000 கிலோதான் ஓடியது என்று 5 ரூபாய் ஏற்றக்கூடாது. இருப்பை மதிப்பிடுவதற்கான கணக்கியல் தரநிலை 2-இன்படி அப்போதும் 3 ரூபாய்தான். மீதி 36,000 அந்தக் காலத்துச் செலவு. உற்பத்தி ஜர்னலில் கூடுதல் செலவைக் காட்டும் அடிஷனல் காஸ்டில் ரூபாயை நீங்களே கணக்கிட்டுத்தான் போட வேண்டும். அங்கே போடும் தொகை கூலி லெட்ஜரில் பதிவாகாது. இருப்பின் மதிப்பை மட்டும் கூட்டும். அதனால் மாதம் ஒருமுறை லெட்ஜர் செலவையும் ஜர்னலில் ஏற்றியதையும் ஒப்பிட்டே தீர வேண்டும்.

இருப்பை மதிப்பிடும் காஸ்டிங் மெத்தட் பட்டியலில் லிஃபோவும் (கடைசியில் வந்த சரக்கு முதலில் போனதாகக் கொள்ளும் முறை) இருக்கிறது. தொடவேண்டாம், தரநிலை அதை ஏற்பதில்லை. ஆவரேஜ் காஸ்ட் (சராசரி விலை) போதும்.

பெரிய தொல்லை நெகட்டிவ் ஸ்டாக், அதாவது கணக்கில் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போவது. பாலக்காட்டு லாரி காலையில் மட்டையைக் கொட்டும், பில் நான்கு நாள் கழித்து வரும். அதற்குள் உற்பத்தி போட்டால் இல்லாத மட்டை செலவாகும். டேலி எச்சரிக்கும், தடுக்காது. பில்லை லாரி வந்த தேதியிலேயே ஏற்றினாலும், ஏற்கனவே போட்ட ஜர்னலில் நாரின் மதிப்பு தானாகத் திருந்தாது. திறந்து திருத்த வேண்டும். லாரி இறங்கியதுமே பேசிய விலையோடு ரிசீப்ட் நோட் (சரக்கு வந்த பதிவு) போட்டால் இந்த வம்பே வராது.

கயிறு திரிக்க கேரளத்துக்கு அனுப்பும் நாருக்கு ஜாப் வொர்க் (வெளியே கொடுத்துச் செய்யும் வேலை) வசதி கச்சிதம். மெட்டீரியல் அவுட் (சரக்கு வெளியே போன பதிவு) போட்டு, அந்த ஊர்க் களத்தைத் தனி கோடவுனாகத் திறங்கள். எல்லையிலுள்ள வாளையாருக்கு அந்தப் பக்கம் கிடந்தாலும் மார்ச் 31 அன்று அது நம் இருப்புதான். ஆடிட்டர் கேட்குமுன் அங்கே எத்தனை பேல் (நார்க்கட்டு) என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.