1064 பிழையோடு சில ஆண்டுகள்: மைஎஸ்கியூஎல் பயன்பாட்டு அனுபவம்

பிரான்சுக்குரிய ரீயூனியன் தீவில், சேந்த்-ஆந்த்ரேயில் பூசைப் பொருள்களும் மளிகையும் விற்கும் எங்கள் கடைக் கணக்கைச் சில ஆண்டுகளாக மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் வைத்திருக்கிறேன். புதியவர் முதலில் முட்டிக்கொள்வது 1064 என்ற தொடரியல் பிழையில்தான், அதாவது கட்டளையை எழுதிய முறையில் உள்ள தவற்றில்தான். அந்தச் செய்தி வறட்டுத்தனமானது. ஆனால் படிக்கப் பழகினால் போதிய அளவு சொல்கிறது. ‘நியர்’ (near) என்ற சொல்லுக்குப் பின் அது காட்டும் பகுதி, கட்டளையை நிறைவேற்றும் சேவையகம் மேற்கொண்டு வாசிக்க முடியாமல் நின்ற இடம். குற்றம் பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னால், ஒரு காற்புள்ளி விடுபட்ட இடத்தில் இருக்கும். அங்கே வெற்று மேற்கோள் மட்டும் வந்தால், எங்கோ ஓர் அடைப்புக்குறி மூடப்படவில்லையா என்று பார்க்க வேண்டும். வரி எண்ணும் கோப்புக்கு உரியதன்று, அந்த ஒரு கட்டளைக்குள் எண்ணப்படுவது.

எங்கள் தீவுக்கென்றே சில பிழைகள் உண்டு. லெத்தான்-சாலே என்ற ஊரைப் பிரெஞ்சில் எழுதும்போது முதல் எழுத்தை அடுத்து வரும் ஒற்றை மேற்கோள், முகவரியை அங்கேயே முடித்துவிடுகிறது. அதை இரட்டித்து எழுதினால் போதும். பிஎச்பி என்ற நிரல்மொழி வழியாக எழுதுபவர்கள் மதிப்புகளைக் கட்டளைக்குள் சேர்க்காமல் தனியே அனுப்புவதே நல்லது. பிரெஞ்சு மொழிக்கு அமைத்த எழுத்துச் செயலியிலிருந்து நகலெடுத்தால் நேர்க்கோட்டு மேற்கோள்கள் கோண வடிவில் வந்து நிற்கும்; அவற்றைச் சேவையகம் மேற்கோளாக ஏற்காது. ‘ஆர்டர்’ (order) என்பது மைஎஸ்கியூஎல் கட்டளைச் சொல்; அட்டவணைக்கு அந்தப் பெயரிட்டவர்கள் அதை இடப்புறம் சாய்ந்த மேற்கோள் (`) குறிகளுக்குள் வைக்க வேண்டும். அந்தக் குறியை பிரெஞ்சு அசெர்ட்டி விசைப்பலகையில் தேடுவதைவிடப் பெயரை மாற்றிவிடுவது எளிது.

எல்லாவற்றிலும் தொல்லையானது, பிரெஞ்சு வழக்கில் தசமப் புள்ளிக்குப் பதிலாக எழுதும் காற்புள்ளி. விலையை 12,50 என்று, தரவை மாற்றும் அப்டேட் கட்டளையில் எழுதினால், காற்புள்ளிக்குப் பின் அட்டவணையின் ஒரு பத்தியின் (நெடுவரிசையின்) பெயரை எதிர்பார்க்கும் சேவையகம் ‘50’ என்ற இடத்தில் நின்று 1064 தருகிறது. அது நல்ல பிழை, ஏனெனில் எதுவும் மாறுவதில்லை. ஆனால் 8.5 விழுக்காட்டு வரியைச் சேர்க்க, தரவை எடுத்துக் காட்டும் செலக்ட் கட்டளையில் விலையை 1,085 ஆல் பெருக்குபவருக்குப் பிழைச்செய்தியே வராது: வரி சேராத விலை ஒரு பத்தியிலும், 85 என்ற எண் அதற்கடுத்த பத்தியிலும் வந்து நிற்கும். ஆகவே விலைப்பட்டியல் எடுக்கும் ஒவ்வொரு முறையும், கேட்காத பத்தி ஏதேனும் வந்திருக்கிறதா என்று தலைப்பு வரிசையைப் பார்த்த பிறகே அச்சிடுகிறேன்.