டைப் 26-ஆ, டைப் 31-ஆ? இன்ஜின் அறையில் இறங்கிப் பார்த்தால்

பிரிட்டன் கடற்படையின் டைப் 23 ஃபிரிகேட்டுகள் (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்கள்) 18 ஆண்டு உழைத்தால் போதும் என்று வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் பல 30 ஆண்டுகளைத் தாண்டியும் கடலில் ஓடின. அவற்றுக்குப் பதிலாக 13 டைப் 26 கப்பல்கள் வரும் என்பதுதான் முதல் திட்டம். செலவு கட்டுப்படியாகாததால் 2015-இல் அதை எட்டாகக் குறைத்தார்கள். மீதி ஐந்து இடங்களை நிரப்ப வந்ததுதான் டைப் 31.

இந்தப் பின்னணியால் 31-ஐ '26-இன் மலிவுப் பதிப்பு' என்று சொல்லிவிடுகிறார்கள். விலையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 2019-இல் ஐந்து டைப் 31-க்கு ஒப்பந்தம் 125 கோடி பவுண்ட். அரசே வாங்கித் தரும் சில கருவிகள் இதில் சேராது. 2022-இல் அடுத்த ஐந்து டைப் 26-க்கு 420 கோடி பவுண்ட். ஆனால் இரண்டும் வேறு வேறு வேலைக்கான கப்பல்கள். அது ஏவுகணைப் பட்டியலில் தெரியாது, இன்ஜின் அறையில் தெரியும்.

நீர்மூழ்கி வேட்டைக்கான டைப் 26 மெதுவாகப் போகும்போது நான்கு டீசல் ஜெனரேட்டர்கள் மின்சாரம் தருகின்றன. இரண்டு மின் மோட்டார்கள் உந்துதண்டுகளை (கப்பலின் விசிறியைச் சுழற்றும் தண்டுகளை) நேராகச் சுழற்றுகின்றன. கியர்பாக்ஸ் அப்போது இணைப்பிலேயே இருக்காது. பற்சக்கரங்கள் உரசும் ஓசை கப்பலின் உடல் வழியாகத் தண்ணீரில் இறங்கி வெகுதூரம் போகும் என்பதால்தான் இவ்வளவு மெனக்கெடல். ஜெனரேட்டர்களும் அதிர்வை உறிஞ்சும் தாங்கிகள் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. வேகம் வேண்டும் என்றால் ரோல்ஸ் ராய்ஸ் எம்டி30 கேஸ் டர்பைன் பொறுப்பேற்கும். பின்னால் இழுத்துச் செல்லும் 2087 சோனார் (நீருக்கடியில் ஒலியைக் கேட்கும் கருவி) நீர்மூழ்கியின் மெல்லிய ஓசையைப் பிடிக்க வேண்டுமானால், இழுக்கும் கப்பல் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

டைப் 31-இல் நான்கு பெரிய டீசல் இன்ஜின்கள் கியர்பாக்ஸ் வழியாக உந்துதண்டைச் சுழற்றுகின்றன. பராமரிப்பு எளிது, விலை குறைவு, 28 நாட் (மணிக்குச் சுமார் 52 கிலோமீட்டர்) வேகமும் கிடைக்கிறது. நீர்மூழ்கி வேட்டைக்கு மட்டும் சரிவராது. கப்பலின் அடியில் சோனார்கூட இல்லாமல்தான் அது கடற்படை கைக்கு வருகிறது.

சரி, பீரங்கிக்கு வருவோம். இங்கே எனக்கு 31-இன் தேர்வு ரொம்பப் பிடித்திருக்கிறது. 26-இல் இருப்பது 5 அங்குல பீரங்கி. கரையில் உள்ள இலக்கை 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நின்றே அடிக்கும், ஆனால் நிமிடத்துக்கு 20 குண்டுதான். 31-இல் ஒரு 57 மில்லிமீட்டர் போஃபோர்ஸ், இரண்டு 40 மில்லிமீட்டர் போஃபோர்ஸ். அந்த 57 மில்லிமீட்டர் பீரங்கி நிமிடத்துக்கு 220 குண்டு வீதம் சுடும். இலக்கை நெருங்கியதும் தானே வெடிக்கும்படி குண்டை அமைக்கலாம். விரைவுப் படகுகளும் ட்ரோன்களும் கூட்டமாக வரும் குறுகிய நீரிணையில் நிற்க வேண்டுமானால் நான் இதைத்தான் கேட்பேன். ஆள்பலத்திலும் 31-க்குச் சாதகம்: சுமார் 110 பேர் போதும், 26-க்கு 157 பேர்.

31-இல் ஏவுகணைகளைச் செங்குத்தாக ஏவும் எம்கே 41 ஏவுகுழல்களைப் பொருத்தப்போவதாக 2023-இல் கடற்படைத் தலைமை அறிவித்தது. நல்ல முடிவு. ஏவுகணையைப் பிறகும் ஏற்றலாம். மௌனத்தை அப்படி ஏற்ற முடியாது; அது முதல் இரும்புத் தகட்டை வெட்டும் முன்பே வரைபடத்தில் இருக்க வேண்டும். கப்பல் பற்றாக்குறையில் 31-ஐ வட அட்லாண்டிக்கில் நீர்மூழ்கி தேட அனுப்பிவிடுவார்களோ என்பதுதான் என் கவலை.

வெளிநாடுகள் வாங்கியதிலும் இந்தப் பிரிவு தெரிகிறது. ரஷ்ய வடக்குக் கடற்படையின் நீர்மூழ்கிகள் வெளியே வரும் வழியில் இருக்கும் நார்வே, 2025-இல் டைப் 26-ஐத் தேர்ந்தெடுத்தது. இந்தோனேசியாவும் போலந்தும் 31-இன் அடிப்படையான ஆரோஹெட் 140 வடிவமைப்பை வாங்கி, தங்களுக்கு வேண்டிய ஆயுதங்களோடு சொந்தக் கப்பல் கட்டும் தளங்களிலேயே கட்டுகின்றன.