1,800 வெள்ளி கொடுத்து வாங்கிய சூடு

மூக்கின் இடது மடிப்பை ஒட்டி எனக்கு ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. மிளகு அளவு. மச்சம் என்றே நினைத்திருந்தோம். மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முன் எடுத்துவிடலாமே என்று, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் 'ஸ்கின் கிளினிக்' ஒன்றுக்குப் போனேன்.

வெள்ளை அங்கி அணிந்த பெண், "பத்து நிமிட வேலை, அம்மா" என்றார். நீங்கள் டாக்டரா என்று நான் கேட்கவில்லை. அங்கியைப் பார்த்தே நம்பிவிட்டேன், என் மடத்தனம். புள்ளி எத்தனை நாளாக இருக்கிறது, வளர்கிறதா, இரத்தம் கசிந்ததுண்டா என்று அவரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம், கார்டா ரொக்கமா என்பதுதான். மூன்று தடவைக்கும் சேர்த்து 1,800 வெள்ளியை (ரிங்கிட்) முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, லேசரால் பொசுக்கினார்கள். அந்தக் கருகல் வாடை இன்னும் மறக்கவில்லை.

நான்கே மாதத்தில் வடுவின் ஓரத்தில் கறுப்பு மறுபடி தலைகாட்டியது. தலையணை உறையில் இரத்தப் பொட்டு. அங்கே போய்க் காட்டினால், "இரண்டாவது தடவைக்கு நேரம் வந்துவிட்டது" என்றார்கள்! தம்பி விடவில்லை. அரசு கிளினிக்கில் கடிதம் வாங்கி, கோலாலம்பூர் பொது மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அழைத்துப் போனான். நிபுணரைப் பார்க்கக் கட்டணம் 5 வெள்ளி.

அந்த டாக்டர் உருப்பெருக்கிக் கருவியைத் தோல்மேல் வைத்து வெகுநேரம் பார்த்தார். "எடுத்த சதையின் ஆய்வறிக்கை எங்கே?" என்றார். புகையாய்ப் போனதற்கு அறிக்கை ஏது? வெட்டி எடுத்திருந்தால் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கலாம்; சுட்டுவிட்டால் அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. சிறு துண்டு எடுத்துச் சோதித்ததில், பேசல் செல் கார்சினோமா என்று வந்தது. தோல் புற்றுநோயில் ஒரு வகை. நம் நிறத்தவருக்குக் கறுத்துப்போய் மச்சம் போலவே தோன்றுமாம். உடலில் வேறெங்கும் பரவுவது அரிது என்றாலும், இருக்கும் இடத்தை அரித்துக்கொண்டே போகும். வடுவால் அதன் எல்லை குழம்பிவிட்டது. மிளகளவில் முடிந்திருக்க வேண்டியது, கன்னத்துத் தோலை இழுத்துத் தைக்கும் அறுவையில் போய் முடிந்தது.

அழகு சிகிச்சை செய்யும் டாக்டருக்குச் சுகாதார அமைச்சின் எல்.சி.பி. என்ற தகுதிச் சான்று வேண்டும், கிளினிக்கின் பதிவுச் சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அந்த மாடிச் சுவரில் மாட்டியிருந்தது ஒரு நடிகையின் படம். அமைச்சில் புகார் கொடுத்திருக்கிறேன்.

போன வாரம் அந்த 'ஸ்கின் கிளினிக்'கிலிருந்து வாட்ஸ்அப் செய்தி வந்தது: மீதி இரண்டு தடவையும் இம்மாதக் கடைசியோடு காலாவதியாகிவிடுமாம்.