கையடக்க நைட்ரேட் மீட்டர்: திரையில் தெரிவது செடி எடுத்த அளவு அல்ல

மண்ணில்லாமல் ஊட்டக் கரைசலில் செடி வளர்க்கும்போது (ஹைட்ரோபோனிக்ஸ்), கரைசலில் மொத்தம் எவ்வளவு உப்பு இருக்கிறது என்பதோடு ஈசி மீட்டரின் (மின்கடத்துதிறனை அளக்கும் கருவி) வேலை முடிந்துவிடும். செடி எதை எடுத்தது என்பது அதற்குத் தெரியாது. சில சொட்டுக் கரைசலிலேயே அளவு காட்டும் நைட்ரேட் மீட்டர் அந்த வகையில் நல்ல கருவிதான். ஆனால் அதுவும் காட்டுவது செறிவை மட்டுமே. மீதிக் கணக்கை நாம்தான் போட வேண்டும்.

தொட்டியில் 40 லிட்டர், 600 பிபிஎம் (லிட்டருக்கு 600 மில்லிகிராம்) நைட்ரேட் என்றால் மொத்தம் 24 கிராம். மூன்று நாள் கழித்து 34 லிட்டர், 580 பிபிஎம். எண்ணை மட்டும் பார்த்தால் செடி எதையுமே தொடாதது போல இருக்கும். பெருக்கினால் 19.72 கிராம், குறைந்தது 4.28 கிராம். தண்ணீரும் கூடவே இறங்கியதால்தான் செறிவு அப்படியே நிற்கிறது. அதனால் தொட்டியில் லிட்டர் கோடு போடாமல் இந்த மீட்டரை வாங்குவது வீண். இன்னொன்று, மீட்டர் காட்டுவது நைட்ரேட்டா, நைட்ரேட்-நைட்ரஜனா (நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜன் மட்டும்) என்று பாருங்கள். இரண்டுக்கும் 4.43 மடங்கு வித்தியாசம்.

துல்லியம் சுமார்தான். சென்சாரின் மின்முனையில் 1 மில்லிவோல்ட் பிசகினால் அளவு 4 சதவீதம் பிசகும். மேலே சொன்ன தொட்டியில் அது ஏறக்குறைய 1 கிராம், அதாவது எடுத்த அளவில் கால்வாசி! தினமும் அளந்து வரைபடம் போடுவதில் அர்த்தமில்லை. தொட்டியின் மொத்த நைட்ரேட்டில் மூன்றில் ஒரு பங்காவது குறையட்டும், பிறகு அளக்கலாம். ஒவ்வொரு முறையும் அளப்பதற்குச் சற்றுமுன், எதிர்பார்க்கும் அளவுக்கு மேலும் கீழுமாக இரண்டு ஸ்டாண்டர்டு கரைசல்களில் (நைட்ரேட் அளவு முன்பே தெரிந்தவை) மீட்டரைக் காலிபரேட் செய்யுங்கள், அதாவது அந்த அளவுக்குச் சரிசெய்யுங்கள். மாதிரியும் ஸ்டாண்டர்டும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். சென்சார் மேல் ஒரு காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலும் எண் நிற்காமல் ஓடும். டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் பிஎச். நைட்ரேட்டை எடுக்க எடுக்க பிஎச் ஏறும். அதை இறக்க நைட்ரிக் அமிலம் ஊற்றுவார்கள். 60 சதவீத அமிலம் 1 மில்லியில் சுமார் 0.8 கிராம் நைட்ரேட் இருக்கிறது. 5 மில்லி ஊற்றினால் செடி எடுத்த 4 கிராமும் கணக்கில் காணாமல் போகும்! ஊற்றியதை எழுதிவைத்துக் கணக்கில் சேருங்கள், அல்லது அளக்கும் நாட்களில் பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறுங்கள்.

உப்புத்தண்ணீரில் குளோரைடு எண்ணைக் கூட்டிக் காட்டும். நைட்ரேட் குறையக் குறைய இந்தத் தொல்லை பெரிதாகும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கரைசலை மொத்தமாக மாற்றிவிடுபவர்களுக்கு இது தேவையில்லை. ஈசி, பிஎச் போதும். கரைசலைச் சுழற்றி, குறைந்ததை மட்டும் நிரப்புபவர்களுக்குப் பயன்படும். உபரி சென்சார் வாங்கி அடுக்கிவைக்காதீர்கள், அதன் சவ்வு பெட்டிக்குள்ளேயே பழசாகும். காலிபரேட் செய்து அரை மணி கழித்து அதே ஸ்டாண்டர்டைத் திரும்ப அளந்து பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் அப்போது புதிது வாங்கலாம்.