வால்வ் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு சப்வூஃபர்களும்: சேலத்து வீட்டில் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

வால்வ் ஆம்ப்ளிஃபயரில் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் கருவி) பாட்டுக் கேட்பவர்களில் பலர், தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கரான சப்வூஃபரைச் சேர்த்தால் வால்வின் இயல்பான குரலே கெட்டுவிடும் என்று அஞ்சி அந்தப் பக்கமே போவதில்லை. சிக்னலை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதைச் சரியாகத் தீர்மானித்துக்கொண்டால் அந்த அச்சத்துக்கு இடமில்லை என்பது, சில ஆண்டுகளாக இரண்டு சப்வூஃபர்களுடன் நாள்தோறும் கேட்டுவரும் என்னுடைய உறுதியான கருத்து.

எங்கள் வீடு சேலம் அழகாபுரத்தில் இருக்கிறது. பாட்டுக் கேட்கும் முன்னறை 16 அடி நீளமும் 12 அடி அகலமும் உடையது. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, மொசைக் தரை. ஒரு சேனலுக்கு இரண்டு இஎல்34 வால்வ்கள் மாறி மாறி உழைக்கும் புஷ்-புல் ஆம்ப்ளிஃபயரும், 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே விரைவாக ஓய்ந்துவிடும் சிறிய ஸ்பீக்கர்களும் முன்பிருந்தே உள்ளவை. அவற்றோடு 8 அங்குலக் கூம்பும் 125 வாட் ஆம்ப்ளிஃபயரும் மூடிய பெட்டிக்குள் அமைந்த ரெல் டி/5எக்ஸ் சப்வூஃபர்கள் இரண்டைச் சேர்த்தேன்.

சிக்னல் எடுக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பெருக்கத்தின் முதல் கட்டமான ப்ரீஆம்ப்ளிஃபயரின் ப்ரீ-அவுட் துளையிலிருந்து ஆர்சிஏ கேபிள் மூலம் இணைப்பது. வால்வ் ப்ரீஆம்ப்ளிஃபயரில் இதற்கு ஒரு தடை இருக்கிறது. அதன் வெளியீட்டில் நேர் மின்சாரத்தைத் தடுத்துச் சிக்னலை மட்டும் விடும் கப்ளிங் கெபாசிட்டர் 0.47 மைக்ரோஃபாரட் என்றும், சப்வூஃபரின் லைன் உள்ளீட்டு மின்மறுப்பு (சிக்னலுக்குக் காட்டும் எதிர்ப்பு) 10 கிலோஓம் என்றும் கொண்டால், ஏறத்தாழ 34 ஹெர்ட்ஸிலேயே சிக்னல் 3 டெசிபல் குறைந்துவிடும். அதாவது எந்த ஒலிக்காகச் சப்வூஃபர் வாங்கினோமோ அந்த ஒலியே வாசலில் நின்றுவிடும். 100 கிலோஓம் உள்ளீடாக இருந்தால் இந்த எல்லை 3.4 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுவதால் கவலையில்லை. ஆகவே இவ்வழியில் போக விரும்புவோர், வாங்கும் முன் கையேட்டில் அந்த ஓர் எண்ணைத் தேடிப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது வழி, ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே சிக்னலை எடுக்கும் ஹை-லெவல் இணைப்பு. நான் நிலையாக வைத்திருப்பது இதைத்தான். சப்வூஃபரின் இந்த உள்ளீடு மிக அதிக மின்மறுப்பு உடையது; ஆகவே வால்வ் ஆம்ப்ளிஃபயருக்கு அது ஒரு சுமையாகவே தெரிவதில்லை. வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவிலுள்ள அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைக் கடந்துவந்த அதே சிக்னல் சப்வூஃபருக்கும் போவதால், மேலே கேட்கும் குரலும் கீழே கேட்கும் அதிர்வும் ஒரே வாத்தியத்திலிருந்து வருவதாகக் காது ஏற்றுக்கொள்கிறது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சப்வூஃபர்களை வைக்கும்போது, கேபிளின் சிவப்பு, மஞ்சள் கம்பிகளை ஒன்றாக முறுக்கி அந்தச் சேனலின் பாசிட்டிவ் முனையிலும், கறுப்பைப் பொது முனையிலும் இணைக்க வேண்டும். ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரின் 4 ஓம் முனையில் இருந்தாலும் சப்வூஃபரின் கம்பியை 8 ஓம் முனையில் கொடுக்கலாம். 3 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும், குறைந்த வாட் உள்ள ஆம்ப்ளிஃபயர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் சுமையே இல்லை என்பதாலேயே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுச் சப்வூஃபரை மட்டும் விட்டு வைத்து ஒருபோதும் இயக்கக் கூடாது. சுமையில்லாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுருளில் மின்னழுத்தம் கட்டுமீறி எழுந்து, டிரான்ஸ்ஃபார்மரையோ வால்வையோ எரித்துவிடக்கூடும்.

கிராஸ்ஓவரை, அதாவது சப்வூஃபர் எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே பேச வேண்டும் என்ற எல்லையை, எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக வைப்பதே நல்லது. வால்வ் ஆம்ப்ளிஃபயரின் டேம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கரை அடக்கிப் பிடிக்கும் திறன்) குறைவு என்பதால், ஸ்பீக்கரின் மின்மறுப்பு எந்த அதிர்வெண்ணில் எழும்புகிறதோ அங்கே வெளியீட்டு மின்னழுத்தமும் சற்று எழும்பும். அதே எழுச்சி ஹை-லெவல் கேபிள் வழியாகச் சப்வூஃபருக்கும் போய்ச் சேரும். ஸ்பீக்கரும் சப்வூஃபரும் ஒரே அதிர்வெண்ணில் பேசினால் ஒலி தடித்துப்போகும்.

அறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கான்கிரீட்டும் செங்கல்லும் தாழ்ந்த ஒலியை வெளியே விடுவதில்லை. எங்கள் அறையின் நீளவாக்கில் ஏறத்தாழ 35 ஹெர்ட்ஸிலும் அகலவாக்கில் 47 ஹெர்ட்ஸிலும் ஒலி தேங்கி நிற்கிறது. ஒற்றைச் சப்வூஃபரை மூலையில் வைத்தபோது அந்த 47 ஹெர்ட்ஸ் அறையையே முழங்க வைத்தது. இரண்டையும் இடமும் வலமும் சம தொலைவில் வைத்தவுடன், பெரும்பாலான ஒலிப்பதிவுகளில் தாழ்ந்த ஒலி இரு சேனல்களிலும் பொதுவாகவே இருப்பதால், அகலவாக்குத் தேக்கம் ஒன்றையொன்று கழித்து அடங்கிவிட்டது. ஒலியைக் கூட்டுவதற்காக அல்லாமல் சமப்படுத்துவதற்காகவே இரண்டு வேண்டும் என்கிறேன்.

இதன் பயனை மிருதங்கத்தில் கேட்கலாம். இடப்பக்கமான தொப்பியில் ரவை பூசி, உள்ளங்கையை அழுத்தி நகர்த்தி எழுப்பும் கும்கி முன்பு ஒரு மங்கலான குமுறலாகவே இருந்தது. இப்போது அது எங்கே தொடங்கி எப்படி மேலேறி எங்கே அடங்குகிறது என்பது, வலப்பக்கமான வலந்தலையின் சாப்பு அடிக்குப் பின்னால் தனியாகத் தெரிகிறது. பாட்டு முடிந்து தம்புரா மட்டும் ஒலிக்கும்போது சப்வூஃபர் இருப்பதே தெரியவில்லை. கெயினை, அதாவது சப்வூஃபரின் ஒலி அளவை, சரியாக வைத்ததற்கு நான் கொள்ளும் அடையாளம் அதுதான்.

மின்சாரத்தில் கவனம் தேவை. ஆம்ப்ளிஃபயர் ஒரு சுவர் பிளக்கிலும் சப்வூஃபர் எதிர்ச் சுவர் பிளக்கிலும் இருந்தால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் எழுவதற்கு வாய்ப்பு அதிகம். எல்லாவற்றையும் ஒரே பிளக்கிலிருந்து நீட்டிப் பெட்டியில் எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். எர்த் முள்ளை வெட்டி ரீங்காரத்தை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. இன்வெர்ட்டர் இருந்தால் அது சைன் வேவ் வகையாக இருக்கட்டும், சதுர அலை வகையில் டிரான்ஸ்ஃபார்மர்கள் உறுமும். இயக்கும்போது வால்வ் சூடேறிய பிறகு சப்வூஃபரை இயக்க வேண்டும், நிறுத்தும்போது சப்வூஃபரை முதலில் நிறுத்த வேண்டும். சித்திரை வெயிலில் வெப்பமும் ஒரு கவலை, ஏனென்றால் நான்கு இஎல்34களின் ஹீட்டர்கள் மட்டுமே ஏறத்தாழ 38 வாட் எடுத்து அறையைச் சூடாக்குகின்றன. மின்விசிறி ஓடும் அறையில் தாழ்ந்த ஒலியை அளவிட்டுச் சரிசெய்வது வீண் வேலை, அதற்கு விசிறியை நிறுத்திய இரவு நேரமே ஏற்றது.

இதே சப்வூஃபர்களை ஏற்காட்டில் என் மாமாவின் ஓட்டு வீட்டில் வைத்துக் கேட்டபோது வேறு பாடம் கிடைத்தது. உயரமான ஓட்டுக்கூரையும் மர உத்தரங்களும் தாழ்ந்த ஒலியை வெளியே விட்டுவிடுவதால், முழக்கம் என்ற பேச்சே இல்லை. ஆனால் அதே நிறைவு கிடைக்கக் கெயினைக் கணிசமாகக் கூட்ட வேண்டியிருந்தது. மலையில் பனிமூட்டத்தின் ஈரம் ஆர்சிஏ முனைகளைக் களிம்பேற வைப்பதால் அவ்வப்போது துடைக்க வேண்டும், கோடை மழைக்கு இடி தொடங்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். மாமா இப்போது தம்முடைய இஎல்84 வால்வ் ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு சப்வூஃபர் வாங்க எண்ணியிருக்கிறார். அவருக்கும் ஹை-லெவல் உள்ளீடு உள்ளதையே தேடச் சொல்லியிருக்கிறேன்.